கண்ணாடி லோடும் கண்கண்ட சாட்சியும்

இந்த வாரம் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் சரி. யார் தலை என்பதை மட்டும் முதலில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் வரை இந்தத் தொடரில் வந்ததில் அங்கே இங்கே ஒரு சிட்டிகை கூடியிருக்கலாம். டிரைவிங் ஸ்கூல்காரரின் தொப்பை ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டு, மூன்று தெரு வரை லாரி திரும்ப முடியாமல் நேராகவே போனது என்று வந்ததே, அது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு தெரு. ஆனால் இந்த வாரத்து விஷயம் அப்படியில்லை. அத்தனையும் நேரில் பார்த்தவர் வாயிலிருந்து வந்தது. அதுவும் தூரத்தில் நின்று பார்த்தவர் இல்லை, லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவர்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். லிஃப்டுக்காரர். ஊரிலேயே உயரமான கட்டடத்தில் தலை நரைக்கும்வரை லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். “நானும் டிரைவர்தான். என் ரோடு செங்குத்தா இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார். அவர் வாயைத் திறந்தால் வீட்டுச் சுவர்க் கடிகாரம்கூட ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் ஓடும். அவருடைய மனைவிக்கு வீட்டில் ‘மேலிடம்’ என்று பெயர். மேலிடம் அவர் கதைகளைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். மகன் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவான். ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ், அவன்மேல் குற்றமில்லை.

கேட்கிற ஒரே ஆள் மருமகள். நம்புகிறாளா என்பது வேறு விஷயம். கேட்கிறாள். கதை எங்கே தொங்கினாலும், “அப்புறம் மாமா?” என்று ஒரு முட்டுக் கொடுப்பாள். அந்த இரண்டு வார்த்தையில்தான் லிஃப்டுக்காரரின் பொழுது ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

தான் வேலை பார்த்த துணி ஃபேக்டரியை மூடிய பிறகு மருமகள் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டதும், ஹெவி லைசென்ஸ் வாங்கியதும் பழைய சங்கதி. வாங்கிய நாளிலிருந்து ஊரில் லாரி நிற்கிற இடமெல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிற உள்ளூர் வண்டி. அதைத்தான் கேட்டாள். தண்ணி லாரிக்காரர், பால் கம்பெனிக்காரர், செங்கல்காரர், எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “எத்தனை வருஷம் ஓட்டிருக்கீங்க?” ஒரு இடத்தில் வாட்ச்மேனே கேட்டைத் திறக்காமல் கேட்டு அனுப்பிவிட்டார்.

“ஓட்டினாத்தானே வருஷம் ஆகும்?” என்று ஒருநாள் அவள் சாப்பாட்டு மேஜையில் கேட்டபோது, லிஃப்டுக்காரர் பெருமூச்சு விட்டார். “லிஃப்ட் மேல நிக்குது, அதைக் கூப்பிடற பட்டனும் மேலதான் இருக்கு. அப்படித்தானே?”

வெளியூர் லாரிக் கம்பெனி ஒன்று மட்டும் புது ஆளானாலும் வரச் சொன்னது. அந்த வண்டி புறப்பட்டால் திரும்புவது எப்போது என்று வண்டிக்கே தெரியாது. இன்று சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். நாளைக் காலையில் ஏற வேண்டும். அவள் அதில் ஏறிவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் போட்டோவில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதே இரண்டு பேரும் ஒன்றாக இருப்பது அவன் டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் சாப்பிடுகிற அந்த ஒரு சாப்பாட்டுக்குத்தான்.

மேலிடத்தின் கவலை அது. லிஃப்டுக்காரரின் கவலையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. “அப்புறம் மாமா?” என்று கேட்க ஆளில்லாத மேஜையில் அவர் என்ன செய்வார்? சாப்பிட வேண்டியதுதான்.

கெடு முடிகிற அன்று காலையில் மருமகள் காய் நறுக்கிக்கொண்டே இடது காலால் தரையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். கிளட்ச் பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். அந்த இடத்தில் தரையே கொஞ்சம் பளபளப்பாகியிருந்தது.

“ஊர்க்கோடியில ஒரு கண்ணாடி டிப்போ இருக்கு அத்தை. அது ஒண்ணுதான் பாக்கி. பார்த்துட்டு வந்துடறேன்.”

“நானும் வர்றேன்” என்றார் லிஃப்டுக்காரர், ஏற்கெனவே சட்டை மாட்டியிருந்தார்.

“வெயில்ல நீங்க எதுக்கு மாமா?”

“சிபாரிசுக்கு ஒரு பெரிய மனுஷன் வேணாமா?”

“சரி, வாங்க. ஆனா அங்க வாயைத் திறக்கக் கூடாது.”

“அதுக்கு இங்கயே விட்டுட்டுப் போ” என்றாள் மேலிடம். “வாயைத் திறக்காம இருந்தா அவருக்கு மூச்சு எந்த வழியா போகும்?”

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. கதவு சாத்திக்கொண்டது. ஊர்க்கோடியில் கதவு திறந்ததும், “வந்துட்டமா?” என்றார் லிஃப்டுக்காரர்.

டிப்போவுக்குள் கால் வைத்தவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவருக்குப் பேச்சு நிற்பது என்பது ஊரில் மின்சாரம் நிற்பது மாதிரி.

கூரை வரைக்கும் கண்ணாடி. புத்தகத்தின் தாள்கள் மாதிரி வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. வெறும் கண்ணாடிகள் காற்றைப் போல நின்றன. விளிம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அவற்றுக்கு அந்தப் பக்கம் நிலைக்கண்ணாடிகள். அதற்குள் இன்னொரு டிப்போ, அந்த டிப்போவுக்குள் இன்னும் ஒன்று, போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் சட்டையைத் தப்பாகப் பட்டன் போட்ட ஒரு கிழவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். லிஃப்டுக்காரர் பட்டனைச் சரிசெய்தார். அத்தனை கிழவர்களும் சரிசெய்தார்கள்.

தோல் கையுறை போட்ட ஆட்கள் ரப்பர் கிண்ணம் வைத்த பிடிகளால் ஒரு கண்ணாடியைக் கவ்விக்கொண்டு, தூங்குகிற குழந்தையை இடம் மாற்றுவது போல நடந்தார்கள். சத்தமே இல்லை. அங்கே யாரும் தும்முவதில்லை. தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார்கள்.

டிப்போ மேனேஜருக்குப் பெரிய மீசை. ஆட்கள் அவரை மீசை என்றே சொன்னார்கள், அவருக்குக் கேட்கும்படியாகவே. பேசும்போது அவர் எதிராளியைப் பார்ப்பதில்லை. எதிராளிக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் தன் மீசையைப் பார்ப்பார்.

“ஹெவி லைசென்ஸ் இருக்கு சார். லோக்கல் வண்டிக்கு ஆள் வேணும்னா…”

“எத்தனை வருஷம் ஓட்டிருக்கீங்க?” என்றார் மீசை, மீசையிடம்.

“அது ஆச்சு சார், ஒரு முப்பது வருஷம்” என்றார் லிஃப்டுக்காரர்.

மருமகள் கண்ணை மூடித் திறந்தாள். “அது மாமா லிஃப்ட் ஓட்டினது சார். நான் ஓட்டினது டிரைவிங் ஸ்கூல் லாரி மட்டும்தான்.”

“லிஃப்ட்டா?” மீசை முதல் முறையாகத் திரும்பி இவர்களைப் பார்த்தார். “ஏம்மா, இது கண்ணாடி. காய்கறி லோடு இல்ல, கீழ விழுந்தா பொறுக்கிக்கிறதுக்கு. போய்ட்டு ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க.”

போயிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் டிப்போவின் பழைய டிரைவர் உள்ளே வந்தார். இடுப்பில் மடங்கி, ‘ட’ எழுத்து நடந்து வருவது போல வந்தார். எல்லோருடைய செருப்புக்கும் காலை வணக்கம் சொன்னார்.

“முதுகு பிடிச்சிருச்சுங்க” என்றார் தரையிடம். “குனிஞ்சேன். அதுக்கப்புறம் நிமிரலை.”

மீசை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. வாசலில் லாரி நின்றது. சாயங்காலம் திறக்கப்போகிற ஒரு ஜிம்முக்கு ஆள் உயரத்தைவிடப் பெரிய நிலைக்கண்ணாடிகள் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஜிம்காரர் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார்.

“இங்க நிக்கிற பொண்ணு யாரு?” என்று கேட்டார் பழைய டிரைவர். அவருக்குத் தெரிந்தது அவள் செருப்பு மட்டும்தான். “இடது செருப்பு மட்டும் இப்படித் தேஞ்சிருக்கே. எங்கயாவது கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே இருக்கியாம்மா?”

“சமையல்கட்டுல சார்.”

“குடுங்க வண்டியை” என்றார் தரையைப் பார்த்து. “வேற வழியும் இல்ல.”

மீசை யோசித்தார். மீசையை இந்தப் பக்கம் நீவினார், அந்தப் பக்கம் நீவினார். “சரி. இது வேலை இல்ல, பார்க்கிறேன், அவ்வளவுதான். ஒரு கீறல் விழுந்தாலும் அதோட முடிஞ்சது. பெரியவரே, நீங்களும் பக்கத்துல ஏறுங்க. மாமனார் கூட இருந்தா மருமக நிதானமா ஓட்டும்.”

லாரியின் நடுவில் கூடாரம் போலச் சாய்ந்த மரச் சட்டம். அதில் இரண்டு பக்கமும் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்திக் கட்டுவார்கள். நிலைக்கண்ணாடி என்றால் முகம் உள்ளே பார்க்க வேண்டும், முதுகு வெளியே தெரிய வேண்டும். மேலே தார்ப்பாய் மூட வேண்டும். டிப்போவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்று ஏற்றும்போது மீசை கூடவே நின்றார். ஒவ்வொரு கண்ணாடி வரும்போதும், “இரு, இரு” என்று நிறுத்தி ஒரு தடவை மீசையைப் பார்த்துக்கொண்டார். அவர் பார்ப்பதற்காகத் திருப்பியதை ஆட்கள் அப்படியே ஏற்றினார்கள். அத்தனையும் முகம் வெளியே.

“சார், முகம் வெளிய இருக்கே” என்றாள் மருமகள்.

மீசை பார்த்தார். திரும்ப இறக்கி ஏற்ற நேரமில்லை. தார்ப்பாயாவது மூடலாம் என்றால், அது ஆட்கள் முன்னால் கிளம்பிப்போன வேனில் இருந்தது. மீசை இன்னொரு வேனில் ஏறிக்கொண்டு, “பார்த்து வாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லிஃப்டுக்காரர் கம்பியைப் பிடித்து ஏறி சீட்டில் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க உயரத்துக்குப் போனவர்தான், ஆனால் ஜன்னல் இல்லாத பெட்டியில். இங்கே எதிரே ஒரு சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. தண்ணித் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள், ஒரு கூரையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு தூங்கும் பூனை.

“அடேயப்பா” என்றார் மெதுவாக. “இங்கேருந்து பார்த்தா ஊரு நம்ம பேச்சைக் கேக்கும் போல இருக்கே.”

மருமகள் சீட்டை முன்னால் இழுத்தாள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் திருப்பிப் பார்த்தாள். கையை ஸ்டியரிங்கில் வைத்தாள். எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தாள். அதைப் பார்த்ததும் லிஃப்டுக்காரருக்கு அவள் அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது.

“கதவைச் சாத்துங்க மாமா.”

சாத்தினார்.

“போலாமா?”

“போலாம்மா. எந்த மாடி?”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு கிளட்ச்சை விட்டாள்.

லாரி நகர்ந்ததே தெரியவில்லை. அத்தனை வருடம் லிஃப்டுக்காரர் ஓட்டிய லிஃப்டுகூடப் புறப்படும்போது ஒரு எகிறு எகிறும். இது தொட்டில் நகர்வது போல நகர்ந்தது. பின்னால் இருந்த கண்ணாடிகள் ஒன்றோடு ஒன்று முணுமுணுக்கவில்லை. அப்படியே தெருவுக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருவில் நின்றவர்களுக்கு லாரி தெரியவில்லை. அவர்களே தெரிந்தார்கள். தன் தெருவில் தன்னையே நோக்கித் தான் வருவதைப் பார்த்தால் யாரானாலும் ஒதுங்கி வழிவிடத்தான் செய்வார்கள். ஹாரனை அவள் தொடவே இல்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பஸ் வந்தது. அதற்கு எதிரே அதே நிறத்தில், அதே நசுங்கலோடு இன்னொரு பஸ். “இந்த ரூட்ல இன்னொரு வண்டியும் விட்டுட்டாங்களா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்று பஸ் டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார். நின்றுகொண்டு வந்த பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். “அதுல கூட்டம் கம்மியா இருக்கு” என்றார் ஒருவர். பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். முதலில் ஏறப்போனவர் எதிரே வந்தவருக்கு மரியாதையாக வழிவிட்டார். எதிரே வந்தவரும் விட்டார். “நீங்க ஏறுங்க”, “பரவால்ல, நீங்க ஏறுங்க” என்று இரண்டு பேரும் நின்றுகொண்டிருக்கையில் லாரி போய்விட்டது.

நாற்சந்தியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். தன்னைவிட மிடுக்கான ஒரு போலீஸ்காரர் தன்னையும் நிறுத்தச் சொல்வதைப் பார்த்தார். மேலதிகாரி என்று நினைத்து விறைத்து சல்யூட் அடித்தார். பதில் சல்யூட் உடனே வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு யாரும் பதில் சல்யூட் வைத்ததில்லையாம். கண்கலங்கிப்போய் வழிவிட்டார்.

சிக்னலில் நின்றபோது பக்கத்துச் சலூனிலிருந்து முகத்தில் பாதி நுரையோடு ஒருவர் இறங்கி வந்து, நின்றபடியே மீதிப் பாதியைத் தானே சவரம் செய்துகொண்டு போனார். கடைக்காரர் வாசலில் நின்று, “சிக்னல் விழறதுக்குள்ள காதோரத்தைப் பாருங்க” என்று சொல்லிக்கொடுத்தார்.

லாரியைத் துரத்திக்கொண்டு வந்த நாய், பக்கத்தில் இன்னொரு நாயும் அதே லாரியைத் துரத்துவதைக் கண்டு குரைப்பதை நிறுத்தியது. இப்படி ஒரு துணை கிடைக்கும் என்று அது எதிர்பார்க்கவில்லை. வாலை ஆட்டியது. அந்தப் பக்கமும் ஆடியது.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பாலத்தின் மேல் ஏறியபோது நடந்ததுதான் பெரிது.

பாலத்தின் உச்சியில் இரண்டு பக்கமும் கட்டடம் இல்லை. சாய்ந்து நின்ற கண்ணாடிகளில் விழுவதற்கு வானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. லாரி மறைந்துவிட்டது. சக்கரங்களும், சக்கரங்களுக்கு மேல் வானமும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெரிய வெள்ளை மேகம் கயிறு போட்டுக் கட்டி வைத்தது போல அசையாமல் வந்தது. எங்கோ போய்க்கொண்டிருந்த பறவைக் கூட்டம் வழியை மாற்றிக்கொண்டு இறங்கி வந்து, இன்னொரு கூட்டத்தோடு சேர்ந்து லாரி பக்கத்திலேயே பறந்தது. பாலத்தில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். வானத்தை அவ்வளவு பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை; தொட்டால் கையில் ஒட்டும் என்கிற தூரத்தில் அது போயிற்று. அதை ஓட்டிக்கொண்டு போனது அவருடைய மருமகள்.

“அம்மாடி” என்றார் லிஃப்டுக்காரர். “இப்ப நாம எங்க இருக்கோம்?”

“பாலத்து மேல மாமா.”

“ஆமாமா. பார்த்தேன்.”

ஜிம் ஒரு சந்துக்குள் இருந்தது. லாரியைச் சந்து முனையில் நிறுத்தி, “இறங்கிப் பார்த்துட்டு வந்துடறேன் மாமா” என்று அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். லிஃப்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சந்து என்று சொன்னவர்கள் மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வீடுகள் கட்டும்போது நடுவில் மறந்துபோய் விட்ட இடம் அது. முனையில் ஒரு தையல் கடை. அதன் பெயர்ப்பலகை இரும்புக் கம்பியில் சந்துக்குள் நீட்டிக்கொண்டு தொங்கியது. கடைசியில் ஜிம்மின் வாசல் மேடை, லாரியின் உயரத்துக்கு. முன்னால் போனால் உள்ளே திருப்ப முடியாது. ரிவர்ஸில்தான் போக வேண்டும்.

மருமகள் சந்துக்குள் நடந்து போனாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பலகையை அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து ஏறினாள். நெற்றியில் வேர்வை.

“முடியலைன்னா சொல்லிடும்மா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

“முடியலைன்னா நாளைக்குக் காலைல வெளியூர் வண்டி மாமா” என்றாள். கதவைச் சாத்தினாள்.

லாரி பின்னால் போயிற்று.

இரண்டு பக்கமும் சுவர் நெருங்கியது. சுவரில் இருந்த ஒரு பல்லி வயிற்றை எக்கிக்கொண்டது. மாடி ஜன்னலில் துணி காயப்போட்ட அம்மாள், காயாத துணியை உள்ளே இழுத்துக்கொண்டாள். இழுக்காவிட்டால் லாரியோடு அதுவும் போயிருக்கும். கண்ணாடியில் எதிர்ச்சுவர் தெரிய, அந்தச் சுவரின் ஜன்னல்கள் தெரிய, சந்து நான்கு மடங்கு அகலமாகித் தெரு மாதிரி விரிந்தது. குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டு முகப்பை முதல் முறையாக முழுசாகப் பார்த்தார்கள். அதுவரை பின்னால் தள்ளி நின்று பார்க்க அங்கே இடமே இருந்ததில்லை. “நம்ம வீடு இவ்வளவு நல்லாவா இருக்கு?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

எங்கோ ‘டிங்’ என்று ஒரு சத்தம். லிஃப்டுக்காரருக்குப் பழகிய சத்தம். மாடி வந்துவிட்டால் அடிக்கிற மணி. தையல் கடைப் பலகைதான் அது. லாரி கடந்து போகும்போது மரியாதையாக ஒரு முறை குனிந்து நிமிர்ந்தது.

பிறகு ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

லிஃப்டுக்காரர் இறங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். லாரியின் தரையும் வாசல் மேடையும் ஒரே கோட்டில் இருந்தன. நடுவில் ஒரு தீப்பெட்டி நுழையாது. எத்தனையோ வருடம், எத்தனையோ மாடியில் லிஃப்டைத் தளத்தோடு ஒட்டி நிறுத்தப் பாடுபட்டவர் அவர். ஒரு விரல் மேலே நிற்கும், ஒரு விரல் கீழே நிற்கும்; “பார்த்து இறங்குங்க” என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவர். குனிந்து அந்தக் கோட்டை ஒரு கையால் தடவினார். நிமிர்ந்தபோது மருமகள் பக்கத்தில் நின்றாள்.

“சரியா இருக்கா மாமா?”

அவருக்கு ஒரு கதையும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்கள் இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி என்று மாற்றி மாற்றி இறக்கினார்கள். ஒரே பக்கமாக இறக்கினால் வண்டி சாய்ந்துவிடும். ஒவ்வொன்றிலும் மீசை கீறலைத் தேடினார். மீசைதான் கிடைத்தது.

“சாயங்காலம் போன் பண்றேன்” என்றார். “மாட்டி முடிக்கட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்.”

சாயங்காலச் சாப்பாட்டுக்கு நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். மகன் டியூட்டிச் சட்டையோடு தயாராக இருந்தான். போன் மேஜையின் நடுவில் இருந்தது. வெளியூர் கம்பெனியிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சொல்வதாக மருமகள் சொல்லியிருந்தாள். யாரும் போனைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

லிஃப்டுக்காரர் ஆரம்பித்தார். பஸ்ஸைச் சொன்னார். சல்யூட்டைச் சொன்னார். நாயைச் சொன்னார்.

“நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சுப்பா?” என்றான் மகன். அன்று அவன் தூங்கவில்லை.

“ரெண்டும் சேர்ந்து போயிருச்சு.”

“எங்க போகும்? அது ஒரே நாய்” என்றாள் மேலிடம். ஆனால் கரண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

“அப்புறம் மாமா?” என்றாள் மருமகள். அந்த வண்டியை ஓட்டியவள் அவள். பாலத்தின் மேல் என்ன நடந்தது என்று தெரியாதவள் போலக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

பாலத்தைச் சொன்னார். மேகத்தைச் சொன்னார். சந்துக்கு வந்தார். “தையல் கடைப் பலகை இருக்கே, அது அப்படியே குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சுது பாரு…”

போன் அடித்தது. மீசை. மருமகள் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“கண்ணாடியில ஒரு கீறல் இல்லம்மா. நம்ம பழைய டிரைவர் நிமிர நாளாகும். உள்ளூர் வண்டி, காலைல வந்தா சாயங்காலம் வீடு. உங்களுக்குத்தான்.” மேலிடம் கண்ணைத் துடைக்கப் போனாள். “ஆனா ஒரு சிக்கல். சந்து முனைத் தையல்காரர் வந்து நிக்கிறாரு. அவர் போர்டு கீழ கிடக்குதாம். நம்ம வண்டிதான் இடிச்சுதுங்கிறாரு.”

“நான் இடிக்கல சார். கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் போனேன்.”

“நீங்க புது ஆளு, நீங்க சொன்னா எடுபடாது. பெரியவர் கூட இருந்தாரே? நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க. தையல்காரர் முன்னாடி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னா போதும். வண்டி போர்டைத் தொடலைன்னு அவர் சொன்னா, வேலை உங்களுக்கு. தொட்டுச்சுன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

போன் வைத்த கையோடு திரும்ப அடித்தது. வெளியூர் கம்பெனி. இப்போது ஒரே வார்த்தை சொன்னால் போதும், வேலை நிச்சயம்.

மருமகள் லிஃப்டுக்காரரைப் பார்த்தாள்.

“நீங்க பார்த்தீங்கதானே மாமா?”

“இந்த ரெண்டு கண்ணாலயும்” என்றார் லிஃப்டுக்காரர்.

அவள் போனை எடுத்தாள். “நான் வரலைங்க. எனக்கு ஊருக்குள்ளயே வேலை கிடைச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு தட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

மேலிடம் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: எந்த வண்டியானாலும் கதவைச் சாத்தியதும் கண்ணை மூடிக்கொள்வார், கதவு திறக்கும்வரை திறப்பதில்லை.